கோடு கோடாகக் கூட்டினால் படம் என்ன சொல்லும்?

இரைச்சல் மண்டிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 512 பிக்சல், உயரமும் 512 பிக்சல். அதன் குறுக்கே, ஓரத்திலிருந்து ஓரம் வரை, மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. கோட்டின் மேலிருக்கும் பிக்சல்கள் மற்றவற்றைவிட 1 அலகுதான் வெளிச்சம் கூடியவை. படம் முழுக்கப் பரவியிருக்கும் இரைச்சலின் திட்ட விலக்கமோ 3 அலகு. எந்தப் பிக்சலைத் தனியே பிடித்து விசாரித்தாலும் அது கோட்டைச் சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இரைச்சல் அதை விழுங்கிவிட்டிருக்கும்.

இப்போது அந்தக் கோடு போகும் வழியிலேயே போய் 512 பிக்சல்களின் மதிப்பையும் கூட்டுவோம். கோட்டின் பங்கு 512 ஆகச் சேர்கிறது. இரைச்சலில் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் அது அதே வேகத்தில் வளர்வதில்லை. 512இன் வர்க்கமூலம் சுமார் 22.6, அதை 3ஆல் பெருக்கினால் 68. பிக்சல் அளவில் இரைச்சலின் மூன்றில் ஒரு பங்காகக் கிடந்த கோடு, கூட்டிய பிறகு இரைச்சலைப்போல் ஏழரை மடங்காக எழுந்து நிற்கிறது. படத்தில் எதையும் திருத்தவில்லை, வடிகட்டவும் இல்லை. கூட்டினோம், அவ்வளவுதான்.

ஆனால் கோடு எங்கே போகிறது என்பது முன்கூட்டியே தெரியாது. தெரிந்திருந்தால் தேடவே வேண்டியதில்லை. எனவே, போகக்கூடிய எல்லாக் கோடுகளின் வழியாகவும் கூட்டிப் பார்க்க வேண்டும். தளத்தில் ஒரு கோட்டை அடையாளம் சொல்ல இரண்டு எண்கள் போதும்: மையத்திலிருந்து அதற்கு உள்ள செங்குத்துத் தூரம், அந்தச் செங்குத்து சாய்ந்திருக்கும் கோணம். டிகிரிக்கு ஒன்றாக 180 கோணங்கள். ஒவ்வொரு கோணத்திலும், படத்தின் மூலைவிட்டம் அளவுக்கு, 724 தூரங்கள். மொத்தம் சுமார் 1.3 லட்சம் கூட்டல்தொகைகள். கோணம் ஒரு பக்கம், தூரம் ஒரு பக்கம் என்று இவற்றை அடுக்கினால் கிடைக்கும் அட்டவணைதான் ரேடான் உருமாற்றம். அதில் ஒரே கோணத்துக்கு உரிய நிரலை மட்டும் எடுத்தால், அது அந்தத் திசையில் படத்தின் வீழல்.

இந்த அட்டவணையில் ஒரு புள்ளி எப்படித் தெரியும், ஒரு கோடு எப்படித் தெரியும் என்று பார்த்துவிட்டால் பாதி விஷயம் புரிந்துவிடும். புள்ளியின் கிடைத்தூரத்தைக் கோணத்தின் கோசைனாலும், குத்துத்தூரத்தைச் சைனாலும் பெருக்கிக் கூட்டினால், அந்தக் கோணத்தில் அப்புள்ளி விழும் தூரம் வரும். (0, 4), (2, 2), (4, 0) என்ற மூன்று புள்ளிகளை எடுப்போம். 0 டிகிரியில் அவை விழும் தூரங்கள் 0, 2, 4. 90 டிகிரியில் 4, 2, 0. 45 டிகிரியில் மட்டும் மூன்றும் ஒரே இடத்தில், 2.83 என்ற தூரத்தில், வந்து விழுகின்றன. கோணத்தை மாற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு புள்ளியும் அட்டவணையில் ஒரு சைன் அலையை வரைகிறது. ஒரே கோட்டில் இருக்கும் புள்ளிகளின் அலைகளெல்லாம் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்கின்றன. படத்தில் 512 பிக்சல் நீளத்துக்குப் பரவிக் கிடந்த ஒன்று இங்கே ஒற்றை மேடாகக் குவிந்துவிடுகிறது. நீளக் கோட்டைத் தேடுவதைவிட உச்சியைத் தேடுவது கணினிக்கு எவ்வளவோ எளிது.

திரும்பி வர விரும்பியவர்கள்

ஆஸ்திரியக் கணிதவியலாளர் யோஹான் ரேடான் 1917இல் இதை எழுதியபோது அவர் மனதில் படமும் இல்லை, கணினியும் இல்லை. ஒரு சார்பின் கோட்டு வழித் தொகையீடுகள் (கோட்டின் வழியே கூட்டிய தொகைகள்) எல்லாம் தெரிந்தால் அந்தச் சார்பையே மீட்டெடுக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி. முடியும் என்று நிறுவி, மீட்கும் சூத்திரத்தையும் தந்தார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே பால் ஃபுங்க் கோளத்தின் பெருவட்டங்களை வைத்து இதையொத்த கேள்வியைத் தீர்த்திருந்தார். பிறகு பல பத்தாண்டுகள் இது தூய கணிதக்காரர்களின் சொத்தாகவே இருந்தது.

தேவைப்பட்டவர்களுக்கு அது எட்டவும் இல்லை. 1956இல் ரொனால்டு பிரேஸ்வெல், வானொலித் தொலைநோக்கிகள் வானத்தைப் பட்டை பட்டையாக அளந்து தரும் எண்களிலிருந்து படத்தை வருவிக்கும் வழியைத் தாமாகவே கண்டார். உடலுக்குள் எக்ஸ் கதிர் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று ஆராய்ந்த ஆலன் கார்மக், 1963இலும் 1964இலும் கட்டுரை எழுதினார். ரேடானின் பெயர் பல ஆண்டுகள் கழித்தே அவருக்குத் தெரியவந்தது. 1971 அக்டோபரில் லண்டன் ஆட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. 1979இல் கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இதே 1971இல் ஜி. என். ராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும், வீழல்களை ஃபூரியர் உருமாற்றத்துக்குள் (எண்வரிசையை அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) கொண்டுபோகாமல், நேரடிச் சுருளல் (அக்கம்பக்க மதிப்புகளை எடை போட்டுக் கூட்டுவது) மூலமே படத்தை மீட்கலாம் என்று காட்டினார்கள். கணிப்பு வேலை பெரிதும் குறைந்தது. சி.டி. ஸ்கேன் பாடப்புத்தகங்களில் இன்றும் 'ராம்-லாக்' என்ற பெயரில் இருப்பது அவர்களுடைய வடிகட்டிதான்.

இவர்கள் எல்லோருக்கும் இலக்கு ஒன்று: வீழலிலிருந்து படத்துக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு எதையும் இழக்கக் கூடாது, கோணங்கள் போதாமல் போகக் கூடாது. உருவத்தை அடையாளம் காண்பவர்களின் தேவை நேர் எதிரானது. அவர்கள் கையில் படம் ஏற்கெனவே இருக்கிறது. மீட்க எதுவும் இல்லை. படத்தில் இருக்கும் லட்சக்கணக்கான எண்களில் எதை மறந்தால் உருவம் மட்டும் மிஞ்சும் என்பதே அவர்கள் கேட்பது. ஒரே உருமாற்றம், ஒரு துறை அதை எதையும் இழக்காததற்காக நாடுகிறது, இன்னொன்று எதை இழக்கலாம் என்று தேர்ந்தெடுக்க வசதி தருவதற்காக நாடுகிறது. கோட்டு வீழல் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் சி.டி. ஸ்கேனோடு நின்றுவிடுவதால் இந்த இரண்டாம் பாதி அதிகம் பேசப்படுவதில்லை. என் பார்வையில் சுவை கூடிய பாதி அதுதான்.

குமிழ்க் கலத்திலிருந்து வந்த வாக்கெடுப்பு

1950களின் கடைசியில் துகள் இயற்பியல் ஆய்வகங்கள் குமிழ்க் கலப் படங்களில் மூழ்கிக்கொண்டிருந்தன. மின்னூட்டம் கொண்ட துகள் திரவத்துக்குள் பாயும்போது அதன் பாதையில் வரிசையாகக் குமிழிகள் எழும். அதைப் படமெடுத்து, பாதைகளை ஆட்கள் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்கள். இதை எந்திரத்திடம் ஒப்படைக்க பால் ஹஃப் வகுத்த முறைக்கு 1962இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் தன் வழியாகப் போகக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஒரு வாக்கு போடும். அதிக வாக்கு வாங்கிய கோடு வெல்லும்.

ஹஃப் கோட்டைச் சாய்வு, வெட்டுத்துண்டு (அச்சை வெட்டும் இடம்) என்ற இரண்டால் குறித்தார். நெட்டுக்குத்தான கோட்டின் சாய்வு முடிவிலி ஆகிவிடும் என்பதால் அந்தக் குறியீடு தொல்லை கொடுத்தது. 1972இல் ரிச்சர்டு டூடாவும் பீட்டர் ஹார்ட்டும் அதைக் கைவிட்டுக் கோணம், தூரம் என்ற வடிவத்துக்கு மாறினார்கள். இன்று ஓபன்சிவி போன்ற நிரல் தொகுப்புகளில் இருப்பது அந்த வடிவம். மாற்றியதும் அட்டவணை ரேடானின் அட்டவணையாகவே ஆகிவிட்டது. இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான் என்பதை ஸ்டான்லி டீன்ஸ் 1981இல் விரிவாக எழுதிக் காட்டினார்.

வேறுபாடு வேலை செய்யும் திசையில்தான். ரேடான் ஒவ்வொரு கோட்டிடமும் போய் அதன்மேல் கிடப்பதை அள்ளி வருகிறது. ஹஃப் ஒவ்வொரு புள்ளியிடமும் போய் வாக்கு வாங்குகிறது. விளிம்புகளை மட்டும் பிரித்தெடுத்து, படத்தில் 2 சதவீதப் பிக்சல்களே மிஞ்சியிருந்தால் ஹஃப் முறையில் வேலை மிகக் குறைவு. சாம்பல் நிறச் சாயல்கள் முழுக்க முக்கியம், எந்தப் பிக்சலையும் முன்கூட்டியே தள்ளிவிட மனமில்லை என்றால் ரேடான். தொடக்கத்தில் சொன்ன கோடு போன்றவற்றை விளிம்பு கண்டறியும் கட்டமே அழித்துவிடும். அங்கே ஹஃப் கையில் வாக்காளர் பட்டியலே இருக்காது.

போலி மேடுகளும் மூலைவிட்டச் சாய்வும்

உச்சியைத் தேடினால் போதும் என்றேன். நடைமுறையில் அது அத்தனை எளிதாக நடப்பதில்லை.

முதல் தொல்லை எண்ணிக்கை. 1.3 லட்சம் தொகைகளில், வெறும் இரைச்சலே தற்செயலாகச் சில இடங்களில் உயர்ந்து நிற்கும். இரைச்சல் அளவைப்போல் 3.3 மடங்கு உயரம் தற்செயலாக வர வாய்ப்பு ஏறத்தாழ 2,000இல் ஒன்று. கேட்க அரிதாகத் தோன்றும். ஆனால் 1.3 லட்சம் இடங்களில் தேடும்போது அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் அது நிகழும். (பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் பிக்சல்களைப் பகிர்ந்துகொள்வதால் அவை கொத்துக் கொத்தாக வரும், தொல்லை குறைந்துவிடாது.) வாசலை, அதாவது இதற்கு மேல் போனால்தான் கோடு என்று ஏற்கும் அளவை, 5 மடங்குக்கு உயர்த்தினால் வாய்ப்பு 35 லட்சத்தில் ஒன்றாகிவிடும், நிம்மதி.

இரண்டாவது, துண்டுக் கோடுகள். கோடு படத்தின் குறுக்கே முழுவதும் போகாமல் 225 பிக்சலுக்கு மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டை மட்டும் கூட்டினால் 225க்கு எதிரே இரைச்சல் 45. சரியாக 5 மடங்கு, தப்பித்துவிடும். ரேடானுக்கோ துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. அது ஓரத்திலிருந்து ஓரம் வரை 512 பிக்சல்களையும் கூட்டும். கோட்டின் பங்கு அதே 225, இரைச்சல் மட்டும் 68. விகிதம் 3.3க்கு இறங்கி, சற்று முன் பார்த்த போலிகளின் கூட்டத்தில் கலந்துவிடும். படத்தைச் சிறு சன்னல்களாக வெட்டி ஒவ்வொன்றிலும் தனித்தனியே உருமாற்றம் செய்வது இதற்காகத்தான். கோடு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்ற தகவலும் கூட்டலிலேயே கரைந்துவிடுகிறது. உச்சி கிடைத்த பிறகு படத்துக்குத் திரும்பிப் போய் அந்தக் கோட்டின் வழியே ஊர்ந்து பார்த்தால்தான் அது தெரியும்.

மூன்றாவது, பலரும் முதலில் கவனிக்காதது. எதுவுமே இல்லாத, ஒரே சீரான சாம்பல் படத்தை ரேடானுக்குக் கொடுத்தால் அட்டவணை சீராக வராது. 45 டிகிரியிலும் 135 டிகிரியிலும் பெரிய மேடு எழும். மூலைவிட்டத்தில் 724 அலகு நீளத்துக்குக் கூட்டுகிறோம், கிடைக்கோட்டில் 512தான். வேறு காரணமே இல்லை. படத்தின் சராசரியை முதலில் கழித்துவிடுவது, தொகையை நாண் நீளத்தால் (கோடு படத்துக்குள் ஓடும் நீளம்) வகுப்பது, அல்லது படத்துக்குள் அடங்கும் வட்டத்துக்கு வெளியே இருப்பதைச் சுழியமாக்குவது என மூன்று மருந்துகள் உண்டு. மூன்றில் ஒன்றையாவது செய்யாமல் 45 டிகிரியில் கோடு கண்டேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயங்குவேன்.

இந்தத் தொல்லைகள் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் இடம் கடல். 1978இல் ஏவப்பட்ட சீசாட் செயற்கைக்கோளின் ராடார் படங்களில் கப்பல்கள் விட்டுச்சென்ற சுவடுகள் கோடுகளாகத் தெரிந்தன. ராடார் படங்களுக்கே உரிய புள்ளி இரைச்சல் நடுவே அந்தச் சுவடுகள் மங்கலானவை. 1986இல் எல். எம். மர்ஃபி ரேடான் உருமாற்றத்தால் அவற்றைப் பிடித்துக் காட்டினார். கப்பலுக்கு நேர் பின்னால் கலங்கிய நீர்ப்பட்டை ராடாரில் கறுப்பாகத் தெரியும்; எனவே அது அட்டவணையில் மேடாக அல்ல, பள்ளமாக வரும். இரு கையாக விரியும் சுவடு மேடுகளாக வரும். கப்பல் நகர்ந்துகொண்டிருப்பதால் டாப்ளர் விளைவு அதைப் படத்தில் தன் சுவட்டிலிருந்து சற்றே தள்ளி வைத்துக் காட்டும். சுவட்டுக் கோட்டைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டால், அந்த விலகலை அளந்து கப்பலின் வேகத்தையே கணக்கிடலாம்.

ஒரு டிகிரி சாய்ந்த பக்கம்

ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் முதலில் செய்யும் வேலை, பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஸ்கேன் செய்தால் அகலம் 2,480 பிக்சல். 12 புள்ளி (அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு) இடைவெளியில் அச்சிட்ட வரிகளுக்கு நடுவே 50 பிக்சல். தாள் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால், வரியின் இடது முனைக்கும் வலது முனைக்கும் 43 பிக்சல் உயர வேறுபாடு வந்துவிடும். அதாவது ஒரு வரி முடியும் இடத்தில் கிட்டத்தட்ட அடுத்த வரியின் உயரத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் படத்தைக் கிடையாகக் கூட்டினால் வரியும் வரி இடைவெளியும் ஒன்றோடொன்று கலந்து, வீழல் சமதளமாகத் தட்டையாகிவிடும். 0.1 டிகிரி சாய்வுக்கே 4 பிக்சல் வேறுபாடு. ஆகவே தேடலும் பத்தில் ஒரு டிகிரி நுணுக்கத்தில் நடக்க வேண்டும்.

வரிசை வரிசையாக நட்ட தோப்பை ஒட்டி நடந்துபோனால், பெரும்பாலான இடங்களிலிருந்து பார்க்க மரம் மட்டும்தான் தெரியும்; சரியான கோணம் வந்ததும் சட்டென்று சந்துகள் திறந்து மறுபக்கம் தெரியும். சாய்வு தேடும் மென்பொருள் காத்திருப்பதும் அதற்குத்தான். சரியான கோணத்தில் வீழல் உயரமான மேடுகளும் ஆழமான பள்ளங்களுமாக மாறும்.

அந்தக் கணத்தை எண்ணாக்குவது எப்படி? எந்தக் கோணத்தில் கூட்டினாலும் பக்கத்தில் இருக்கும் மொத்த மையின் அளவு மாறாது. மொத்தம் மாறாமல் இருக்கும்போது, அது சில இடங்களில் குவிந்திருக்கிறதா, பரவிக் கிடக்கிறதா என்பதை வர்க்கங்களின் கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும். 10 அலகு மை ஐந்து இடங்களில் இரண்டிரண்டாகப் பரவினால் வர்க்கத் தொகை 20. ஒரே இடத்தில் குவிந்தால் 100. ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் வீழலின் வர்க்கத் தொகையைக் கணக்கிட்டு, எது மிகப் பெரியதோ அந்தக் கோணத்துக்குப் பக்கத்தைத் திருப்பிவிடலாம். இந்தியின் தேவநாகரி எழுத்துக்கு இது இன்னும் வசதி: எழுத்துகளை இணைக்கும் தலைக்கோடு வீழலில் கூர்மையான முனையாக நிற்கும். தலைக்கோடு இல்லாத எழுத்துகளுக்கு வரி இடைவெளிதான் துணை.

இந்த வர்க்கத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நேராக்க உதவிய அதே எண், உருவங்களை அடையாளம் காணவும் வந்து நிற்கிறது.

எதை மறப்பது

ஒரு சின்னத்தையோ கையெழுத்தில் உள்ள ஒரு குறியையோ கணினி அடையாளம் காண வேண்டுமென்றால், அது படத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பவை பொருட்டாக இருக்கக் கூடாது. பிக்சல்களை நேரடியாக ஒப்பிட்டால் இவை மூன்றும் எல்லாவற்றையும் குலைத்துவிடும். ரேடான் அட்டவணையில் மூன்றும் ஒழுங்காக நடந்துகொள்கின்றன. உருவத்தை நகர்த்தினால் ஒவ்வொரு நிரலும் தன் வடிவம் மாறாமல் மேலோ கீழோ தள்ளிப்போகும். உருவத்தைத் திருப்பினால் அட்டவணை முழுவதும் கோண அச்சில் பக்கவாட்டில் நகரும். பெரிதாக்கினால் ஒவ்வொரு நிரலும் விரிந்து உயரும்.

2006இல் சால்வதோர் தபோன், லொரான் வெண்ட்லிங் ஆகியோர் சக ஆய்வாளருடன் முன்வைத்த ஆர்-உருமாற்றம் இந்த ஒழுங்கைத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு கோணத்துக்கும் வீழலின் வர்க்கத் தொகையை எடு. நிரல் மேலே தள்ளிப் போனாலும் கீழே தள்ளிப் போனாலும் வர்க்கத் தொகை அதேதான், இடம் மறந்துபோயிற்று. உருவம் இரு மடங்கு பெரிதானால் எல்லாக் கோணங்களிலும் இந்தத் தொகை ஒரே மாதிரி 8 மடங்காகும். மொத்தத்தால் வகுத்துவிட்டால் அளவும் மறந்துபோயிற்று. திருப்பினால் வளைவு பக்கவாட்டில் சுழலும். அதன் ஃபூரியர் உருமாற்றத்தில் அலைகளின் வீச்சை மட்டும் வைத்துக்கொண்டு, அவை எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் கட்டத்தை எறிந்துவிட்டால் திருப்பமும் மறைந்தது. 2.6 லட்சம் பிக்சல்கள் இருந்த இடத்தில் 180 எண்கள் கொண்ட ஒரு வளைவு மிஞ்சுகிறது.

இந்த மறதிக்கு விலை உண்டு. உருவத்தைக் கண்ணாடியில் காட்டினால் வளைவு பின்னோக்கி ஓடும். ஃபூரியர் வீச்சுக்கு முன்னோக்கும் பின்னோக்கும் ஒன்றுதான். எனவே இடது கை அச்சும் அதன் கண்ணாடிப் பிம்பமான வலது கை அச்சும் இந்த முறைக்கு ஒரே கை. 6ஐயும் 9ஐயும் பிரித்துச் சொல்லவும் முடியாது. திருப்பத்தை மறக்கச் சொன்னதே நாம்தான் என்பதால் இதற்கு அதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அஞ்சல் குறியீட்டை வாசிக்கும் எந்திரத்துக்கு இது உதவாது. எந்தத் திசையிலும் கிடக்கக்கூடிய எந்திர உதிரிப்பாகத்தை இனம் காண்பதற்குப் பொருந்தும்.

கூட்டலே கட்டாயமில்லை என்று ஒரு படி மேலே போனவர்கள் அலெக்சாண்டர் கடீரோவும் மரியா பெட்ரூவும். 2001இல் அவர்கள் வெளியிட்ட டிரேஸ் உருமாற்றத்தில், கோட்டின் வழியே கூட்டுவதற்குப் பதில் உச்ச மதிப்பை எடுக்கலாம், இடைநிலை அளவை எடுக்கலாம், அடுத்தடுத்த பிக்சல்களின் வேறுபாடுகளைத் திரட்டலாம். கூட்டுவது அவற்றில் ஒரு வகை மட்டுமே. இப்படிக் கோட்டின் வழியே ஒரு கணிப்பு, பிறகு தூர அச்சின் வழியே ஒன்று, பிறகு கோண அச்சின் வழியே ஒன்று என்று மூன்றடுக்காக அடுக்கினால் கடைசியில் ஒற்றை எண் வரும். ஒவ்வோர் அடுக்குக்கும் பத்துப் பன்னிரண்டு தெரிவுகள் இருந்தாலே ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் கிடைத்துவிடும். அவற்றில் பலவற்றுக்கு மனிதருக்குப் புரியும் பொருள் கிடையாது. எது நம் வேலைக்கு உதவுகிறது என்பதை மாதிரிப் படங்களை வைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அம்சங்களைக் கையால் வடிப்பதிலிருந்து எந்திரத்திடம் பொறுக்கச் சொல்வதற்குத் துறை நகர்ந்துகொண்டிருந்த காலத்தின் முத்திரை இதில் தெளிவாக இருக்கிறது.

கட்டத்துக்குள் கோடு

கணிதத்தில் கோட்டுக்குத் தடிமன் இல்லை. படத்தில் இருப்பதோ சதுரக் கட்டங்கள். 17 டிகிரியில் போகும் கோடு பெரும்பாலும் பிக்சல்களின் நடுவே போகாமல் ஓரங்களை உரசிக்கொண்டு போகும். கணிப்பு மென்பொருளான மேட்லேபின் ரேடான் செயல்பாடு ஒவ்வொரு பிக்சலையும் நான்காகப் பிளந்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வீழ்த்தி, அது விழும் இடத்துக்கு அருகில் உள்ள இரு பெட்டிகளுக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. நல்ல சமரசம், சமரசம்தான்.

சமரசமே வேண்டாம் என்றால் கோட்டின் வரையறையையே மாற்றலாம். படத்தின் பக்கம் ஒரு பகா எண்ணாக இருக்கட்டும்; கோடு ஓரத்தைத் தொட்டால் மறு ஓரத்தில் நுழைந்து தொடரட்டும். இதுதான் முடிவுறு ரேடான் உருமாற்றம். 3×3 கட்டத்தில் முதல் வரி 2, 0, 1. இரண்டாம் வரி 4, 7, 3. மூன்றாம் வரி 1, 5, 6 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 29. நடுவில் இருக்கும் 7 வழியாக நான்கு கோடுகள் போகின்றன: கிடையாக 14, நெடுக்காக 12, மூலைவிட்டங்கள் 15, 9. நான்கையும் கூட்டினால் 50. அதில் மொத்தம் 29ஐக் கழித்தால் 21. மூன்றால் வகுத்தால் 7 திரும்பி வந்துவிட்டது. மற்ற ஒவ்வொரு கட்டமும் நடுக்கட்டத்தோடு சரியாக ஒரே ஒரு கோட்டைப் பகிர்ந்துகொள்வதால் இது நடக்கிறது. இடது மேல் மூலையில் இருக்கும் 2ஐயும் இப்படியே மீட்கலாம்: கிடை 3, நெடுக்கு 7, ஒரு மூலைவிட்டம் 15, ஓரத்தைத் தாண்டிச் சுற்றி வரும் இன்னொன்று 2, 3, 5 சேர்ந்து 10. மொத்தம் 35, அதில் 29 போக 6, மூன்றால் வகுத்தால் 2. கோசைனும் இல்லை, இடைச்செருகலும் இல்லை, பிழையும் இல்லை.

அழகுக்காகவே இதைச் சொல்ல ஆசை வருகிறது. உருவம் காணும் வேலைக்கு நேரடியாக இது அவ்வளவு ஒத்துவராது. பெரிய படத்தில் இந்தச் சுற்றும் கோடுகளில் பெரும்பாலானவை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய புள்ளிகளாகிவிடும். உண்மையான விளிம்பு எதுவும் அப்படி ஓடாது. உள்ளங்கை ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணும் ஆய்வுகளில் சுற்றுவதை விட்டுவிட்டு, சிறு சன்னலுக்குள் நடுப்புள்ளி வழியாகப் போகும் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு இடத்திலும் எந்தத் திசையில் கூட்டினால் மிகக் கறுப்பாக வருகிறதோ, அதுவே அங்கே ரேகை ஓடும் திசை.

ஆழ்கற்றல் வந்த பிறகும் இந்த அட்டவணை காணாமல் போகவில்லை. சுருளல் வலையமைப்பு அடிப்படையில் அக்கம்பக்கத்தைப் பார்த்துப் பழகியது. படத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும் கோட்டை ஒரே பொருளாகப் பார்க்க அதற்குப் பல அடுக்குகள் தேவைப்படும். அதனால் வலையமைப்பின் நடுவிலேயே ஹஃப் உருமாற்றத்தை ஓர் அடுக்காகச் செருகிவிடும் முறைகள் வந்துள்ளன. கூட்டல் மட்டுமே என்பதால் வலையமைப்பைப் பழக்குவதற்காக அதன் ஊடாகப் பிழையைப் பின்னோக்கிப் பரப்புவதில் தடையில்லை. கோடுகள் புள்ளிகளாகிவிட்ட அந்த அட்டவணையில் வழக்கமான 3×3 சுருளலே போதுமானதாகிவிடுகிறது.

அங்கே கவனிக்க வேண்டிய ஓரம் ஒன்று உண்டு. 0 டிகிரியும் 179 டிகிரியும் அட்டவணையின் இரு கோடியில் இருந்தாலும் அந்தக் கோடுகள் ஏறத்தாழ ஒரே திசையைச் சேர்ந்தவை. 180 டிகிரி திரும்பினால் அதே கோடு வந்துவிடும், தூரத்தின் குறி மட்டும் கூட்டலிலிருந்து கழித்தலாக மாறியிருக்கும். ஆகவே அட்டவணையின் இடது ஓரத்தை வலது ஓரத்தோடு ஒட்ட வேண்டுமானால் தலைகீழாகப் புரட்டித்தான் ஒட்ட வேண்டும். தளத்தில் உள்ள எல்லாக் கோடுகளின் தொகுப்பும் மோபியஸ் பட்டையின் (ஒரு முறை முறுக்கி முனைகளை ஒட்டிய பட்டை) வடிவம் கொண்டது. மென்பொருளில் அட்டவணையின் ஓரத்தை வெறும் சுழியத்தால் நிரப்பினாலோ, புரட்டாமல் சுற்றி ஒட்டினாலோ, நெட்டுக்குத்தான கோடுகளின் மேடு இரண்டாகப் பிளந்து இரண்டு பக்கமும் பலவீனமாக நிற்கும். மற்ற கோணங்களில் நன்றாக வேலை செய்யும் முறை, கட்டட விளிம்பும் கதவு நிலையும் நிறைந்த படங்களில் மட்டும் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒட்டைத்தான்.